அப்பாவின் அரிப்பும் கெட்டியான ரத்தமும்

வெந்நீரில் குளித்துவிட்டு வந்தாலே அப்பா முதுகைச் சொறிய ஆரம்பித்துவிடுவார். தடிப்பு ஒன்றும் இருக்காது. சோப்பை மாற்றினோம், எண்ணெய் தடவினோம். அவர் முகம் சிவந்திருந்ததை "நல்ல ரத்த ஓட்டம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 19, ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 58. இரண்டுமே அதிகம். அதாவது ரத்தத்தில் பாதிக்கு மேல் சிவப்பணுக்கள்தான். ஜாக்2 மரபணு மாற்றமும் தெரிந்தபின் நோய்க்குப் பெயர் கிடைத்தது: பாலிசைதீமியா வேரா. எலும்பு மஜ்ஜை கட்டுப்பாடில்லாமல் ரத்த அணுக்களை உற்பத்தி செய்கிறது. அந்த அரிப்பும் முகச் சிவப்பும் இதனால்தான். ரத்தம் கெட்டியாகி எங்காவது உறைந்தால் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம்.

சிகிச்சை, ரத்தத்தை எடுப்பதுதான். முதல் நாள் பை நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருஞ்சிவப்பாக, குழாயில் மெதுவாக இறங்கியது. ஹெமட்டோகிரிட் 45-க்குக் கீழே வரும்வரை எடுத்தார்கள். கூடவே தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின், பிறகு அணு உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்து. இப்படி எடுப்பதால் இரும்புச்சத்து குறையும். அதற்காக நாமாக இரும்பு மாத்திரை கொடுத்துவிடக் கூடாது, சிவப்பணுக்கள் மறுபடி ஏறிவிடும்.

அரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுத்துக்கொள்கிறார்.