எதிரொலிக்கு உரிய இடம்

இன்று மாலை யாழ்ப்பாணம் குருநகரில் ஒரு தம்பியின் வீட்டில், கையால் செய்யப்பட்ட வால்வு (வெற்றிடக் குழாய்) அம்பிளிபயரின் பின்பக்கத்துக்கு எதிரொலி தரும் டிலே பெடலின் வயரை மாற்றிச் செருகியதும், அதுவரை குழம்பிக் கிடந்த கிற்றார் ஒலி ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து கேட்டது.

டிலே பெடல் அம்புக்கு முன்னால் இருந்தபோது, எதிரொலியும் மூலச் சுரமும் ஒன்றாகவே, ஒலியை முதலில் பெருக்கும் பிரீஅம்ப் வால்வுகளுக்குள் நுழைந்து கரகரத்தன. அம்பின் பின்பக்கத்தில், பிரீஅம்புக்கு அடுத்து வரும் இணைப்பான எஃபெக்ட்ஸ் லூப்பில் செருகினால், வால்வுகள் ஒலியைக் கரகரப்பாக்கி முடித்த பிறகே டிலே அதைத் திருப்பிச் சொல்கிறது. கரகரப்பைக் கூட்டும் ஓவர்டிரைவ் பெடல் மட்டும் முன்னாலேயே இருக்கட்டும். வால்வை உசுப்புவதுதான் அதன் வேலை.

ஸ்பீக்கர் விடயத்தில் நான் கண்டிப்பானவன். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம். அம்பிலும் 4 ஓம் துளையிலேயே செருகவேண்டும்.

ஸ்பீக்கரே இல்லாமல் அம்பை ஒருபோதும் இயக்காதீர்கள். போக்கிடமற்ற சக்தி, வெளியீட்டு ட்ரான்ஸ்போமரில் உயர் மின்னழுத்தமாக எழுந்து, அதன் சுருளையே எரித்துவிடக்கூடும்.

கனடாவிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ ஆசையோடு கொண்டுவந்து தரும் அம்ப் என்றால், நமது 230 வோல்ட்டில் செருகுவதற்கு முன், அது 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதா என்று பின்தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.