மச்சு மேலே பாஸ்மதி

ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் வீட்டில் பாஸ்மதி அரிசி வேகும் வாசனை வந்தால் சந்தேகம் என் மேல்தான் விழும். அம்மா நேராக வந்து என் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள், உள்ளே பிரியாணிப் பொட்டலம் இருக்கிறதா என்று. இல்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்பா எழுந்து வந்து மூக்கை உறிஞ்சினார். "பாம்பு. நல்ல பாம்பு கொட்டாவி விட்டா உருளைக்கிழங்கு வேகுற வாசனை வரும்" என்றார். உருளைக்கிழங்குக்கும் பாஸ்மதிக்கும் வித்தியாசம் தெரியாத மனிதருக்கா இத்தனை வருஷம் வடித்துக் கொட்டினேன் என்று அந்த நேரத்திலும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மச்சில் தடதடவென்று சத்தம். பாம்புக்குக் கால் முளைத்துவிட்டது போலிருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நேரம் பாருங்கள், ஒற்றியூர் அத்தை வந்து தங்கியிருந்தார். கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரருக்குக் கவசம் களைவார்கள். வருஷத்தில் அந்த 3 நாள்தான் கவசம் இல்லாமல் சுவாமியைப் பார்க்க முடியும். புனுகுப் பூனையிடமிருந்து கிடைக்கும் வாசனைப் பசையான புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அத்தை அந்த வரிசையில் நிற்கிறார். அதனால் புனுகு சம்பந்தமான சகல விவகாரங்களுக்கும் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் தனக்கே என்பது அவர் நினைப்பு. திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிந்து பெருமாளுக்குச் சாத்தும் புனுகைப் பற்றியும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுதினால் எனக்கு வம்பு.

"அடேய், இது புனுகுடா!" என்றார் அத்தை. அடேய் என்றது அறுபது வயது அப்பாவை. "புனுகுப் பூனை பூஜை பண்ணின இந்த மாயவரத்துல குடியிருந்துகிட்டு இதுகூடத் தெரியலியே. புனுகீசுவரர் கோயில் எட்டி நடந்தா வந்துடும். அவர் பூனை உன் வீடு தேடி வந்திருக்கு, நீ பாம்புங்கறே." சொல்லிவிட்டு அந்த இருட்டிலேயே மச்சை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாவும் போட்டுக்கொண்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

அடுத்த போர்ஷனிலிருந்து சித்தப்பா வந்தார். புனுகு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் தூக்கம் கலைந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. ஈமு கோழியில் விட்டதைப் பூனையில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். கூண்டுக்குள் ஒரு கட்டையை நட்டால் போதுமாம். பூனை அதில் வந்து உரசும், ஒட்டியதை வழித்து டப்பாவில் அடைக்கலாம். போதாததற்குக் காப்பிப் பழத்தைத் தின்னக் கொடுத்தால், எச்சத்தில் வரும் கொட்டையைக் கழுவி வறுத்து இந்தோனேசியாக்காரன் மாதிரி லுவாக் காப்பி விற்கலாம். முன்பக்கம் ஒரு தொழில், பின்பக்கம் ஒரு தொழில். உண்மையில் இரண்டுமே பின்பக்கம்தான். புனுகுச் சுரப்பி இருப்பது வாலுக்கடியில் என்பதை அத்தை முன்னால் யார் சொல்வது?

சித்தப்பா மகன் சொன்னான். எம்எஸ்சி வேதியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை, பேசக் கிடைத்த வாய்ப்பை விடுவானா? "அசல் புனுகு இவ்ளோ நல்லா மணக்காது அத்தை. மூக்கைப் பொத்திக்கணும். துளியூண்டு எடுத்து எண்ணெயில கரைச்சாத்தான் வாசனை" என்றான். அந்த வாசனைக்குக் காரணம் சிவெட்டோன். அது 17 கார்பன் கொண்ட வளையம் என்று 1926-ல் ருசிக்கா என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார், 1939-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது, இப்போது அதை ஆய்வகத்திலேயே செய்கிறார்கள், சென்ட் கம்பெனிக்குப் பூனையே வேண்டாம் என்று ராத்திரி இரண்டு மணிக்குப் பாடம் நடத்தினான். பாஸ்மதி மணத்துக்குக் காரணம் வேறொரு ரசாயனமாம். அதே குடும்பத்தில் பின்டுராங் என்று ஒரு பிராணி, வடகிழக்குக் காடுகளில் திரிவது, அதன் மூத்திரத்திலும் அந்த ரசாயனம் இருக்கிறதாம். அன்றிலிருந்து அம்மா பாஸ்மதி வாங்குவதில்லை.

அப்பனின் தொழில் கனவையும் அவனே முடித்து வைத்தான். 1692-ல் லண்டனில், 'ராபின்சன் குரூசோ' கதை எழுதிய டேனியல் டெஃபோ புனுகுப் பூனை வாங்கி வளர்த்தார், அதே வருஷம் கடனுக்காக அவரைக் கைது செய்து பூனைகளையும் பறிமுதல் செய்தார்கள் என்றான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்துச் சொன்னான். சித்தப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கப் போய்விட்டார்.

விடிந்ததும் பாம்பு பிடிக்கிற தம்பி வந்தார். ஏணி வைத்து ஏறி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், மரநாய். அந்த வாசனை இதோடதுதான். ரெண்டு குட்டி போட்டிருக்கு" என்றார். தாத்தாவின் கல்யாண ஜமக்காளத்தில் பிரசவமாம். சுற்றிலும் எச்சம், எச்சம் நிறையச் சப்போட்டாக் கொட்டை. கொல்லையில் சப்போட்டா திருடுவது பக்கத்து வீட்டுப் பையன் என்று அப்பா கட்டிவைத்திருந்த வழக்கு அந்த நிமிடமே தள்ளுபடி. குட்டிகள் வளர்ந்ததும் அதுவே கிளம்பிவிடும், அப்புறம் ஓட்டு இடுக்கை அடைத்துவிடுங்கள் என்றார் தம்பி. ஒன்றையுமே பிடிக்காமல் போனவருக்கு அப்பா ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். என் செல்போன் ரீசார்ஜுக்கு மட்டும் கணக்கு கேட்பார்.

"புனுகுப் பூனை தரையில திரியுறதும்மா, இது வேற" என்று அந்தத் தம்பி பதமாகத்தான் சொன்னார். அத்தை அசரவில்லை. "ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சிதானே? பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வந்த பொண்ணுடா அது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு உழவன் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனார்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் போன். குட்டி கண் திறந்ததா, பப்பாளி வைத்தீர்களா, வைத்ததைத் தின்றதா? போன மாதம் நான் டைபாய்டில் கிடந்தபோது இந்தப் போன் எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். பப்பாளிகூட நல்ல பாதி மச்சுக்குப் போகிறது, காம்புப் பக்கம்தான் எனக்கு.

நேற்று அத்தை கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன்.

"யாரு, நீயா? சரி, அம்மாகிட்ட குடு."