பினாங்குக் கடைத்தெருவில் மகாமாரியம்மன் தரிசனம்

மலேசியாவில், பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் பாலம் வழியாகக் காரில் போய்விடலாம். ஆனாலும் மகாமாரியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் ஃபெர்ரியில் போவதே பொருத்தம் என்பேன். அந்தக் கோயிலை எழுப்பியவர்கள் கடல் தாண்டி வந்து, அந்தக் கரையில்தான் இறங்கினார்கள். துறையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா. அதன் நடுவே ஓடும் லெபு பசார், தமிழர்களுக்குக் கடைத்தெரு.

வெள்ளிக்கிழமை காலை. புடவைக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. பூக்கடைகள் அதற்குள் பாதி வியாபாரத்தை முடித்திருந்தன. "அக்கா, அம்மனுக்கு மல்லி எடுத்துக்கொள்ளுங்கள், இப்போதுதான் கட்டியது" என்றாள் ஒரு பெண். நான் பதில் சொல்லும் முன்பே வாழையிலையில் ஒரு பந்தைச் சுருட்டி வைத்துவிட்டாள். மறுக்க மனம் வரவில்லை.

கோயில் குயின் தெருவில் இருக்கிறது. 1801-இல் சிறிய சன்னதியாகத் தொடங்கி, 1833-இல் முழுக் கோயிலாயிற்று. வண்ணச் சுதைகள் நிறைந்த கோபுரம் 1933-ஆம் ஆண்டுத் திருப்பணியில் எழுந்தது. தொடக்கத்தில் இங்கே கும்பிட்டவர்களில் பெரும்பாலோர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்கள். ஊரையும் உறவையும் விட்டு, அம்மைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே வேலை பார்த்தவர்கள் வேறு யாரைத் துணைக்கு அழைப்பார்கள்? மாரியம்மனைத்தான். பெரிய மண்டபமோ நீண்ட பிராகாரமோ இல்லாத இந்தச் சின்னக் கோயில் என்னை உருக்குவது அதனால்தான். நாள் முழுக்கச் சுமந்த தோளோடு வந்து நின்றவர்களின் கோயில் இது.

எனக்கு முன்னால் ஒரு வயதான சீன அம்மா அர்ச்சனைத் தட்டோடு நின்றார். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, ஊதுபத்தி எல்லாம் முறையாக அடுக்கியிருந்தார். குருக்கள் மலாயில் பெயர் கேட்டார், சொன்னார். நட்சத்திரம்? அவர் தலையை அசைத்தார். "சுவாமி பெயருக்கே செய்துவிடுகிறேன்" என்று தமிழில் தமக்குள் சொல்லிக்கொண்டு குருக்கள் உள்ளே போனார். தீபாராதனை காட்டும்போது அந்த அம்மா கண்களை இறுக மூடி, சீனக் கோயிலில் கும்பிடுவது போலவே கூப்பிய கைகளை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு குங்குமத்தை நடு நெற்றியில் பிசகாமல் வைத்துக்கொண்டார். பல வருஷப் பழக்கம் அந்த விரலில் தெரிந்தது. அம்மனை இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மஞ்சள் பட்டு, எலுமிச்சை மாலை, அதற்கு மேல் இப்போது நான் கொடுத்த மல்லிகையும்.

கோயிலின் பின்புறம் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. அங்கே சீனர்கள் கருணைத் தெய்வமாகக் கும்பிடும் குவான் யின்னின் கோயில் இருக்கிறது. முதலில் அது மாசூ என்ற கடல் தெய்வத்துக்காகக் கட்டப்பட்டது. முற்றத்தில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அதே சாலையில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் கடலோடிகளின் காவலர். கப்பலேறுமுன் அவரிடம் நேர்ந்துகொள்வது நம் கடற்கரையில் இன்றும் உள்ள வழக்கம். மாரியம்மன், மாசூ, நாகூரார் என்று, கடல் கடந்தவர்கள் பயந்த நேரத்தில் யாரை அழைத்தார்களோ அவர்கள் எல்லாரும் இந்தச் சில தெருக்களுக்குள் பக்கம் பக்கமாகக் குடியிருக்கிறார்கள். தர்கா வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டேன்.

மதியம் வாழையிலைச் சாப்பாடு. பூசணிக்காய்க் கூட்டு நன்றாக இருந்தது, ரசம் அதைவிட.

மாலையில் பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கோயில் வீட்டுக்குப் போனேன். வட்டித்தொழில் செய்ய வந்த செட்டியார்கள் முருகனை வைத்து வழிபட்ட வீடு. தைப்பூசத்துக்கு முதல் நாள் அதிகாலையில் முருகன் இங்கிருந்துதான் வெள்ளி ரதத்தில் புறப்பட்டு, தண்ணீர்மலைப் பக்கம் உள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகிறார். வழி நெடுக மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைபடும். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். காலையில் பார்த்த அந்த அம்மாவின் வீட்டு வாசலிலும் ஒரு குவியல் இருக்கக்கூடும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மகாமாரியம்மன் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். நவராத்திரி சமயமாக அமைந்தால் விஜயதசமி வரை தங்குங்கள். அன்று மரத்தேர் கடைத்தெருவைச் சுற்றி வரும்.