பாராடாங் சேற்றுக் கணக்கு

4 அக்டோபர் 2025, போர்ட் பிளேர்

காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் சேர்ந்து வந்த விடுமுறை நாளில் அந்தமானின் பாராடாங் தீவில் உள்ள சேற்று எரிமலை வெடித்திருக்கிறது. மதியம் ஒன்றரை மணி வாக்கில் பெருஞ்சத்தம், மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்குச் சேற்று மேடு, ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரவிய சேறு என்கின்றன செய்திகள். சுற்றுலாப் பயணிகளுக்கு வழி அடைபட்டது.

அபர்தீன் பஜாரில் டீக்கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்து அண்ணன், "தம்பி, நெருப்புக் குழம்பு இங்கே வரைக்கும் வருமா?" என்றார். "நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அண்ணே, அதில் நெருப்புக் குழம்பே கிடையாது" என்றேன். அவர் நம்பவில்லை. அவர் மனதில் நெருப்பு எரிமலையான பாரன் தீவு இருக்கிறது போலும். போன மாதம் அதுவும் கொஞ்சம் சீறியதே.

5 அக்டோபர்

அண்ணனுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவைக்கிறேன். இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைத் தாங்கும் பெரும் நிலப்பாறைப் பாளம், அந்தமானுக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. அதன் முதுகில் இருந்த கடற்படிவுகள் வழித்தெடுக்கப்பட்டு மேலே குவிகின்றன. அந்தக் குவியலுக்குள் நசுங்கிய நீரும் மீத்தேன் வாயுவும் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு பிளவுகள் வழியே ஏறிவருகின்றன. பாறைக் குழம்புக்கு இதில் வேலையே இல்லை.

முன்பு அங்கே போனபோது வேலிக்கு வெளியே வழிந்திருந்த சேற்றைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. அடுப்பில் கஞ்சி தளதளப்பதுபோல ஒரு சாம்பல்நிறக் குமிழி உப்பி உடையும், பிறகு சற்று நேரம் ஒன்றும் நடக்காது. "இதற்காகவா விடியுமுன் எழுந்து ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றோம்?" என்று ஒரு குடும்பமே சலித்துக்கொண்டது. எனக்கோ நகர மனம் வரவில்லை.

8 அக்டோபர்

"இருபது ஆண்டு உறக்கம் கலைந்தது" என்று தலைப்பிடுகிறார்கள். உறக்கமாம்! அந்தக் குமிழிகள் இத்தனை ஆண்டுகளும் என்ன செய்துகொண்டிருந்தன? சத்தம் போட்டால்தான் நமக்குச் செய்தி.

சத்தம் போட்ட நாட்களை மட்டும் எழுதிப் பார்த்தேன். 2003 பிப்ரவரி 18. அதற்கு ஐந்து மாதங்கள் முன்னர், 2002 செப்டம்பர் 13 அன்று, வட அந்தமானின் டிக்லிப்பூர் பக்கம் 6.5 அளவில் நிலநடுக்கம். இரண்டையும் முடிச்சுப் போட ஆசை வருகிறது, ஆனால் தேதிகள் அடுத்தடுத்து வருவது மட்டும் சான்றாகாது.

அடுத்ததைச் செய்தித்தாள்கள் 2005 என்கின்றன. 2004 நிலநடுக்கத்தைப் பற்றிய பதிவுகளில் 2004 டிசம்பர் 28 என்று இருக்கிறது. சுனாமிக்கு இரண்டாம் நாள்! சுமத்ராவில் தொடங்கிய நில முறிவு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே ஓடி அந்தமான் வரை வந்திருந்தது. இங்கே முடிச்சுப் போடத் தயக்கமில்லை. ஆனால் கார் நிக்கோபாரில் மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் பாராடாங் காட்டில் சேறு பொங்கியதை யார் குறித்துவைத்திருப்பார்கள்? தேதி குழம்பியதில் வியப்பில்லை.

இந்த முறை 2004 போன்ற பேரதிர்ச்சி எதுவும் இல்லை. வாயு அழுத்தம் உள்ளேயே நிரம்பினாலும் வெடிக்கத்தான் செய்யும்.

11 அக்டோபர்

கரீபியனில், டிரினிடாட்டுக்குத் தெற்கே சாத்தம் என்றொரு சேற்று எரிமலைத் தீவு உண்டு. 1911, 1928, 1964, 2001 ஆகிய ஆண்டுகளில் கடலுக்கு மேலே எழுந்தது, ஒவ்வொரு முறையும் அலைகள் அரித்துத் தின்றுவிட்டன. நடுக்கடலில் புதுத் தரை முளைத்தால் படகுக்காரர் கண்ணில் படாமல் போகாது. பாராடாங் அப்படியல்ல. அடர்ந்த காடு, ஜாரவா பழங்குடி மக்களின் பகுதியைக் கடந்துதான் சாலை வழி. அந்த மக்கள் எத்தனை வெடிப்புகளைக் கேட்டிருப்பார்களோ! அவை நம் பட்டியலில் ஏறவில்லை.

12 அக்டோபர்

பத்திரிகையில் வேலை செய்யும் நண்பரிடம், அடுத்த முறை 2005 என்பதற்குப் பதில் 2004 டிசம்பர் 28 என்று எழுதச் சொன்னேன். "எல்லோரும் 2005 என்றே போட்டிருக்கும்போது நான் மட்டும் மாற்றினால் ஆசிரியர் என்னைத்தான் திருத்துவார்" என்றார்.