கால்வாசி மட்டும் வந்த வளைவு: நெகட்டிவ் நம்பரும் 0.8 பவரும்

ஸ்டாக்ஹோம்ல செர்கெல் சதுக்கத்துக்காக டென்மார்க்காரர் பீட் ஹைன் 1959-ல குடுத்த வளைவு சூப்பர் எலிப்ஸ், முழுசா நீள்வட்டமும் இல்ல செவ்வகமும் இல்ல, பாக்கவே அவ்ளோ அழகு. அத ஜாவாஸ்க்ரிப்ட் கேன்வாஸ்ல (வெப் பக்கத்துல கோட் எழுதி படம் வரையுற எடம்) வரையலாம்னு போன வாரம் உக்காந்தேன்.

ஃபார்முலா சின்னதுதான். ஒவ்வொரு கோணத்துக்கும் காஸ், சைன் ரெண்டையும் எடுத்து 2/என் பவருக்கு ஏத்தணும். 'என்'-ங்கிறது (n) வளைவோட வடிவத்த முடிவு பண்ற எண், பீட் ஹைன் வச்சது 2.5, அப்போ பவர் 0.8. லூப் எழுதி ஓட்டுனா கீழ வலது பக்கம் கால்வாசி மட்டும் வந்து நிக்குது, மீதி காலி, எரரும் இல்ல. என்-ஐ 2-னு மாத்துனா முழு நீள்வட்டம் வருது, அப்போ லூப்ல தப்பில்லனு புரிஞ்சுது. கன்சோல்ல அச்சடிச்சு பாத்தா காஸ் இல்லனா சைன் நெகட்டிவா ஆகுற எடமெல்லாம் நேன், அதாவது 'நம்பரே இல்ல'. கேன்வாஸ் நேன் வந்தா சத்தமில்லாம அந்த கோட்ட விட்டுடும், அதான் எரர் வரல.

ஏன் நேன்? பவர் 3-னா மூணு தடவ பெருக்கிடலாம், 0.8 தடவ எப்படி பெருக்குறது, அதுனால லாக் (மடக்கை) எடுத்து 0.8-ஆல பெருக்கி திரும்ப எக்ஸ்பொனென்ஷியல் (லாக்குக்கு நேர்மாறு) எடுக்குறதுதான் அதுக்கு அர்த்தமே. நெகட்டிவ் நம்பருக்கு ரியல் லாக் கிடையாது.

ஆனா -8-க்கு கனமூலம் -2-னு பள்ளிக்கூடத்துலயே படிச்சோமே, அது மனச உறுத்திட்டே இருந்துச்சு. பைதான்ங்கிற இன்னொரு கம்ப்யூட்டர் மொழில -8-ஐ அடைப்புக்குறி போடாம 1/3 பவருக்கு ஏத்துனேன், -2.0 வந்துச்சு, ஒரே சந்தோஷம். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது 8-க்கு மூலம் கண்டுபிடிச்சு கடைசில மைனஸ் ஒட்டுது. -8-க்கு அடைப்புக்குறி போட்டா காம்ப்ளெக்ஸ் நம்பர் (ரியல் பாகமும் கற்பனை பாகமும் சேர்ந்த எண்) வருது, ரியல் பாகம் 1.0000000000000002, கற்பனை பாகம் 1.7320508075688772. தப்பில்ல, -8-க்கு மூணு கனமூலம் இருக்கு, பைதான் அதுல முதன்மையானத குடுக்குது.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இதுக்கடுத்துதான். கம்ப்யூட்டர்கிட்ட 1/3-ங்கிற எண்ணே இல்ல. பின்னமா கேட்டா 6004799503160661-க்கு கீழ 18014398509481984-னு சொல்லுது. கீழ இருக்குறது 2-ஐ 54 தடவ பெருக்குனது, ரெட்டைப்படை, மேல இருக்குறது ஒத்தைப்படை. ரெட்டைப்படை மூலம் நெகட்டிவ் எண்ணுக்கு ரியல்ல கிடையாதே! நாம மூணாவது மூலம்னு நெனச்சு கேக்குறோம், அதுக்கு போய் சேர்றது வேற கேள்வி. வெறும் கனமூலம் வேணும்னா அதுக்குன்னே தனி ஃபங்ஷன் இருக்கு, ஜாவாஸ்க்ரிப்ட்ல சிபிஆர்டி, பைதான்லயும் 3.11-ல இருந்து அதே பேர்ல வந்துடுச்சு.

நான் வரையுற வளைவுக்கு அது உதவாது. 0.8-ங்கிறது 4/5, அஞ்சாவது மூலத்த ஒழுங்கா எடுத்தாலும் நாலாவது பவருக்கு ஏத்துனா மைனஸ் போயிடும், எல்லா புள்ளியும் அதே கால்வாசிக்குள்ள வந்து விழும். அதுனால மைனஸ எடுத்துட்டு பவர் போட்டு, கடைசில பழைய குறிய திரும்ப பெருக்குனேன். ஒரு வரி மாத்தம்தான், முழு வளைவும் வந்துடுச்சு, அகலம் 6-க்கு உயரம் 5-னு அவர் வச்ச அதே அளவுல. என்-ஐ 1-க்கு கொறச்சா பட்டம் மாதிரி நாலு பக்கமும் நேர்கோடா வருது, முன்னாடி அதுலயும் ஒரு பக்கம்தான் வந்துச்சு.