கேட் வால்வும் இருபதாம் பிரிவும்

ஜூன் 3, 2025
காலையில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால் தொட்டி ததும்ப நிற்கிறது. எங்கள் போர்ஷனுக்கு இறங்கும் பைப்பில் மட்டும் கேட் வால்வை மூடி, திருகும் கைப்பிடியையும் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். கீழே போய்க் கேட்டேன். "பதினஞ்சாயிரம் தர்றதுன்னா இரும்மா, இல்லைன்னா காலி பண்ணிக்கோ" என்றார் ஹவுஸ் ஓனர். ஒப்பந்தத்தில் வாடகை 11,000 ரூபாய். அதன் காலமும் இன்னும் முடியவில்லை.

அம்மா தெருமுனை கைப்பம்பிலிருந்து குடம் தூக்குகிறார். முட்டி வலியோடு இரண்டு மாடி.

ஜூன் 4
ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்மா, பேசித் தீத்துக்கோங்க" என்றார்கள். விடாமல் நின்று மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "வேற வீடு பாத்துட்டுப் போயிடு, எதுக்கு வம்பு?" என்கிறார். பையனுக்கு இப்போதுதான் பள்ளி திறந்திருக்கிறது. புது வீடு என்றால் மறுபடி அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன். தப்பு செய்தவர் கீழே நிம்மதியாக இருக்க, நாங்கள் ஏன் மூட்டை கட்ட வேண்டும்?

ஜூன் 6
சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. எனக்கு அமைந்த வக்கீல் மேடம் பொறுமையானவர். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது என்றார். அதன் 20-ஆம் பிரிவுப்படி தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், இந்தச் சட்டப்படி விசாரிக்கும் வாடகை அதிகாரியிடம் மனு போடலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உடனே திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது.

"ஒப்பந்தம் பதிவு பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். பண்ணியிருக்கிறோம், பதிவு எண்ணும் இருக்கிறது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபோதுதான் அந்தத் தாளின் அருமை புரிந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்துவிடுங்கள்.

ஜூன் 11
மனு தாக்கல் ஆயிற்று. ஒப்பந்த நகல், வாடகை போட்ட வங்கி விவரம், சி.எஸ்.ஆர். ரசீது, கைப்பிடி இல்லாத வால்வின் படம். எல்லாவற்றையும்விட முக்கியம் ஓனரே அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோ: "புது வாடகைக்கு ஒத்துக்கோ, அடுத்த நிமிஷம் தண்ணி வரும்."

ஜூன் 20
விசாரணை. மோட்டார் ரிப்பேர் என்றார் ஓனர். மோட்டார் ரிப்பேர் என்றால் உங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படித் தண்ணீர் வருகிறது என்று அதிகாரி கேட்டார். பதில் இல்லை. மேடம் ஆடியோவைப் போட்டுக் காட்டினார். தண்ணீரை உடனே திறந்துவிட இடைக்கால உத்தரவு.

ஜூன் 21
பிளம்பர் வந்து புதுக் கைப்பிடி மாட்டினார். ஓனரின் மகன் பக்கத்தில் நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா முதலில் எல்லா அண்டாவையும் நிரப்பினார். இனிமேல் நிற்காது என்று சொன்னாலும் கேட்கவில்லை.

ஜூலை 3
வாடகையைப் பழையபடி 11,000 ரூபாயாகவே வங்கியில் போட்டுவிட்டேன். ஓனர் ரொக்கமாகக் கேட்டு ஆள் அனுப்பினார், மறுத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் எழுதியதற்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தருவதாக இல்லை. "உத்தரவுதான் வந்தாச்சே, வாபஸ் வாங்கிடலாமே" என்று தெருப் பெரியவர் ஒருவர் சமாதானம் பேச வந்தார். தண்ணீர் இல்லாமல் அம்மா பட்ட பாட்டுக்கு இழப்பீடு கேட்டிருக்கிறோம் ஐயா, அது முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த விசாரணை இந்த மாதமே இருக்கிறது. அன்றைக்கு எழுதுகிறேன்.