ஒரு கையில் குடை, மறு கையில் பை: பஸ் நேரம் சொல்லும் கடிகாரச் செயலி

பெரியம்மாவின் ஸ்மார்ட்வாட்சில் பஸ் வரும் நேரம் இப்போது தமிழில் தெரிகிறது. வேலை முழுதாக முடியவில்லை. ஆனாலும் அவர் தினமும் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. அலுவலகத்தில் நான் எழுதுவதெல்லாம் சர்வர் பக்கத்து நிரல்தான், கடிகாரத்துக்கு எழுதுவது இதுவே முதல் தடவை. பட்ட பாட்டை மறப்பதற்குள் குறித்து வைக்கிறேன்.

பஸ் நேரம் காட்டும் போன் செயலிகளுக்குச் சிங்கப்பூரில் பஞ்சமே இல்லை. ஆனால் பெரியம்மா போனைப் பையின் அடியில் போட்டு, அதன்மேல் பர்ஸ், அதன்மேல் துண்டு என்று அடுக்குகிறவர். கடிகாரம் மட்டும் எப்போதும் கையில் இருக்கும். நடக்க ஊக்குவிக்கும் அரசுத் திட்டமான நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் 2015இல் தொடங்கியதிலிருந்து அவர் வயதுக்காரர்கள் பலர் மணிக்கட்டில் எதையாவது கட்டிக்கொண்டு அடிகளை எண்ணியபடி நடக்கிறார்கள். அதில் பஸ் நேரமும் வந்தால் என்ன என்று தோன்றியது.

எந்தக் கடிகாரம் என்பதைச் செலவுதான் முடிவு செய்தது. ஆப்பிள் வாட்சுக்கு எழுத மேக் கணினி வேண்டும். இலவசக் கணக்கை வைத்துக் கடிகாரத்தில் ஏற்றும் செயலி ஏழு நாளில் காலாவதியாகிவிடும், கட்டணக் கணக்கோ ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். கூகுளின் இயங்குதளமான வியர் ஓஎஸ் ஓடும் கடிகாரத்தில் அந்தத் தொல்லை இல்லை. நாமே எழுதி நாமே ஏற்றிக்கொள்ளலாம். பெரியம்மாவிடம் இருப்பது அந்த வகைதான்: சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4, 40 மில்லிமீட்டர் அளவு. அதே கடிகாரத்தைப் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் ஒன்று எனக்கும் வாங்கிக்கொண்டேன். கணினித் திரையிலேயே கடிகாரத்தைப் போலிசெய்து காட்டும் எமுலேட்டர் மட்டும் போதாதா என்று கேட்கலாம். திரை எப்படித் தெரியும் என்பதற்கு அது போதும். பேட்டரி, புளூடூத், வியர்வை இதெல்லாம் அதில் கிடையாது.

தகவல் தருவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவுத் தளமான டேட்டாமால். பதிவு செய்தால் ஒரு சாவி, அதாவது நமக்கான ரகசியக் குறியீடு, கொடுப்பார்கள். ஐந்து இலக்க நிறுத்த எண்ணைக் கேள்வியில் வைத்து அனுப்பினால், அங்கே நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அடுத்த மூன்று வண்டிகளின் விவரம் வரும். எத்தனை நிமிடம் என்று அது சொல்வதில்லை, எத்தனை மணிக்கு வரும் என்றுதான் சொல்லும். முதலில் கூடுதல் வேலை என்று நினைத்தேன், பிறகு அதுவே வசதியாகிவிட்டது. வரும் மணி கையில் இருந்தால், மீதி நிமிடத்தைக் கடிகாரமே கழித்துக் காட்டும். ஒவ்வொரு நிமிடமும் நெட்வொர்க்கைத் தட்டி எழுப்பத் தேவையில்லை. உட்கார இடம் உண்டா, நிற்கத்தான் இடமா, நெரிசலா என்பதும் அதே பதிலில் இருக்கிறது. சொல்லப்படும் நேரம் ஓடும் வண்டியின் இருப்பிடத்தை வைத்துக் கணித்ததா, வெறும் கால அட்டவணைப்படியா என்று தெரிவிக்கும் குறியும் உண்டு. அட்டவணை நேரம் என்றால் எண்ணைச் சாம்பல் நிறத்தில் காட்டுகிறேன். பஸ் முனையத்திலிருந்து இன்னும் கிளம்பாத வண்டியை நம்பி யாரும் வீட்டிலிருந்து ஓடக்கூடாது.

இன்னொன்று, பஸ் எண்ணை எண்ணாக வைக்கக்கூடாது, எழுத்தாக வைக்க வேண்டும். பின்னால் ஏ, இ, எம் என்று எழுத்து ஒட்டிய சேவைகள் இங்கே நிறைய.

அடுத்து நெட்வொர்க். போன் பக்கத்தில் இருக்கும்போது கடிகாரம் தானாக இணையத்துக்குப் போவதில்லை, புளூடூத் வழியாகப் போனைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. அந்த வழியின் வேகம் நொடிக்கு 4 கிலோபைட் வரைகூட இறங்கலாம் என்று ஆண்ட்ராய்டு கையேடே எச்சரிக்கிறது. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் சிராங்கூன் சாலை நிறுத்தம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பல சேவைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வண்டிகள், ஒவ்வொரு வண்டிக்கும் இருப்பிடம், வகை, சக்கர நாற்காலி வசதி என்று பதில் நீண்டுகொண்டே போகும். போனில் கண்ணிமைக்கும் நேரத்தில் வருவது, கடிகாரத்தில் கையைத் தூக்கியபடி சிலைபோல் நிற்கவைக்கும். அதனால் பெரியம்மா ஏறும் சேவைகளை மட்டும் பெயர் சொல்லிக் கேட்கிறேன். டேட்டாமாலின் ஏபிஐயில், அதாவது நிரல்கள் தகவல் கேட்கும் வாசலில், அதற்கு இடம் இருக்கிறது. 5,000க்கு மேற்பட்ட நிறுத்தங்களின் பட்டியலையும் கடிகாரம் இறக்குவதில்லை. ஒரு தடவைக்கு 500 என்று தவணை தவணையாக வரும் அந்தப் பட்டியலைக் கணினியில் இறக்கிச் சுருக்கி, செயலிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

இதெல்லாம் ஓடத் தொடங்கியதும், நிறுத்தத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு திரை, சேவையைத் தேர்ந்தெடுக்க ஒரு திரை, நேரம் காட்ட ஒரு திரை என்று ஒழுங்காக அடுக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மழை நாளில் தேக்கா சந்தைக்குப் பெரியம்மாவோடு போனேன். திரும்பும்போது அவருடைய இடது கையில் கடிகாரம், அதே கையில் குடை. வலது கையில் மீனும் முருங்கைக்காயும் நிறைந்த பை. திரையைத் தொட வேண்டுமானால் பையைக் கீழே வைக்க வேண்டும். கீழே முழுக்கத் தண்ணீர். எனக்கும் அதே நிலைதான், நான் மூக்கால் தொட்டுப் பார்த்தேன். வேலை செய்தது, ஆனால் அறுபது வயதைத் தாண்டியவரிடம் போய் மூக்கால் தொடுங்கள் என்று சொல்ல முடியுமா?

போனை ஒரே கையில் பிடித்துக் கட்டைவிரலால் தட்டலாம். கடிகாரத்தைத் தொட எப்போதுமே இரண்டாவது கை வேண்டும். இவ்வளவு வெளிப்படையான விஷயத்தை நான் படித்த பயிற்சிப் பாடம் எதுவும் அழுத்திச் சொல்லவில்லை. போதாததற்கு, மழைத்துளி விழுந்தால் திரை அதையும் விரல் என்று எடுத்துக்கொள்கிறது. அன்று என் கடிகாரத்தில் மழையே இரண்டு பக்கம் தள்ளி வேறொரு நிறுத்தத்தைத் திறந்துவிட்டது.

அப்புறம் மூன்று திரைகளையும் ஓரமாக வைத்துவிட்டு டைல் பக்கம் போனேன். முகப்பிலிருந்து பக்கவாட்டில் தள்ளினால் வருமே, அதுதான் டைல். தள்ளுவதற்கும் ஒரு கை வேண்டும்தான். அதைக் கோப்பிக்கடையிலோ லிஃப்டிலோ கை சும்மா இருக்கும்போது ஒருமுறை செய்தால் போதும். அதற்குப் பிறகு எதையும் தொட வேண்டாம் என்பதற்காக, பஸ் நெருங்கும்போது கடிகாரம் அதிரும்படி செய்தேன். எத்தனை நிமிடத்துக்கு முன்பு அதிர வேண்டும் என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. வாசலிலிருந்து நிறுத்தம் வரை நடக்கும் நேரத்தைக் கணக்கிடலாம், ஆனால் வீவக அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் எப்போது வரும் என்பதை எந்த ஏபிஐயும் சொல்லாது. கடைசியில் பெரியம்மாவே தீர்ப்புச் சொன்னார்: "ஏழு நிமிஷம் வச்சுடுப்பா. சீக்கிரம் போயிட்டா கீழே உக்காந்து நாலு பேரைப் பாத்துட்டு இருக்கலாம்."

டைலில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல். செயலித் திரைகளை ஜெட்பேக் கம்போஸ் என்ற ஆண்ட்ராய்டு திரை வரையும் கருவியில் எழுதியிருந்தேன். டைலுக்கு அது செல்லாது. வரைய வேண்டியதைப் புரோட்டோலேஅவுட் என்ற விவரணையாக எழுதி ஒப்படைக்க வேண்டும், கடிகாரத்தின் இயங்குதளம் தன் பொறுப்பில் வரைந்துகொள்ளும். ஒரே விஷயத்தை இரண்டு விதமாக எழுதுவது எரிச்சல்தான். ஆனால் அந்த விவரணையிலேயே 'இந்த மணிக்கு இன்னும் எத்தனை நிமிடம்' என்ற கணக்கையும் வைத்துவிடலாம். என் நிரல் தூங்கிக்கொண்டிருந்தாலும் நிமிடம் குறைந்துகொண்டே வரும். முகப்பின் ஓரத்தில் சின்னதாகத் தெரியும் காம்ப்ளிகேஷனையும் பார்த்தேன். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளக் குறைந்தபட்ச இடைவெளி 300 நொடி. ஐந்து நிமிடத்தில் பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்துக்கே போய்விடும். வானிலைக்கு வேண்டுமானால் அது சரிப்படும்.

இனி தமிழ் எழுத்து. திரை 396க்கு 396 பிக்சல் வட்டம். வட்டத்துக்குள் முழுதாக அடங்கும் சதுரம் ஏறக்குறைய 280 பிக்சல்தான். மேல் வரியும் கீழ் வரியும் குறுகலாகத்தான் இருக்க முடியும். தமிழ் எழுத்தோ அகலம். ணகரத்தையும் ஞகரத்தையும் சின்ன அளவில் போட்டால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முதலில் காட்டியபோது பெரியம்மா சொன்னது: "கண்ணாடி போட்டுத்தான் இதைப் பாக்கணும்னா, நான் பஸ்ஸையே பாத்துட்டுப் போறேனே." எழுத்தைப் பெரிதாக்கினேன். உடனே நிறுத்தத்தின் பெயர் வரியில் அடங்காமல் மூன்று புள்ளியோடு வெட்டுப்பட்டது.

வெட்டுப்பட்ட இடம்தான் வில்லங்கம். டேட்டாமால் தரும் ஆங்கிலப் பெயரில் எதிரே, தாண்டி, முன்பு என்பதற்கான சுருக்கம் முதலில் வரும், புளோக் எண் பின்னால் வரும். தமிழில் இயல்பாக எழுதினால் 'புளோக் 123 எதிரில்' என்று அது கடைசிக்குப் போய்விடுகிறது. வெட்டும்போது முதலில் பறிபோவது அந்த 'எதிரில்'தான். சாலையின் இரண்டு பக்கத்து நிறுத்தங்களும் திரையில் ஒரே பெயரோடு நின்றன. தவறான பக்கம் நின்றால் தோ பாயோ பேட்டைக்குப் போக வேண்டியவர் நேர்மாறான திசையில் போவார். பெயரை மாற்றி எழுதிப் பார்த்தேன், படிக்கச் சகிக்கவில்லை. இப்போது நிறுத்தத்தின் பெயரையே எடுத்துவிட்டேன். 'சந்தைக்கு', 'வீட்டுக்கு', 'கோயிலுக்கு' என்று போகுமிடத்தைப் பெரியம்மாவே சொல்ல, நான் அதைப் பெயராக வைத்தேன். எல்லாம் ஒரே வரியில் அடங்குகிறது.

அருகிலுள்ள நிறுத்தத்தை ஜிபிஎஸ் மூலம் கண்டுபிடிக்கும் வசதியையும் அதே காரணத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். உயரமான புளோக்குகளுக்கு நடுவில் அது காட்டும் இடம் சாலையின் அகலம் அளவுக்குத் தவறுகிறது, அதாவது எதிர்ப்பக்க நிறுத்தத்தைத் தேர்ந்தெடுக்க அதுவே போதும். பேட்டரியையும் அது சும்மா விடாது. இந்தக் கடிகாரத்தின் பேட்டரி 247 எம்ஏஎச், இன்றைய போன்களில் சாதாரணமாக 4,000க்கு மேல் இருக்கிறது. பஸ் செயலியால் சாயங்காலம் கடிகாரம் அணைந்து அடி எண்ணிக்கை விட்டுப்போனால், பெரியம்மா முதலில் நீக்குவது என் செயலியைத்தான். அதனால் டைலைப் பார்க்கும்போதும், 'கிளம்பப் போகிறேன்' என்று அவர் அழுத்திய பிறகு சிறிது நேரமும் மட்டுமே தகவல் எடுக்கிறேன். டேட்டாமால் 20 நொடிக்கு ஒருமுறை புதுப்பித்தாலும் அந்த வேகத்தில் கேட்பதில்லை. பஸ் தொலைவில் இருக்கும்போது அரிதாகவும், நெருங்கும்போது அடிக்கடியும் கேட்டால் போதும்.

மீதமிருப்பவை இரண்டு. கடைசி பஸ் போன பிறகு பதிலில் அந்தச் சேவையே இல்லாமல் போகும், அல்லது நேரத்துக்கான இடம் வெறுமையாக வரும். 'தகவல் இல்லை' என்று காட்டினால் நெட் போய்விட்டது என்று நினைத்துக் காத்திருப்பார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல, முதல் பஸ், கடைசி பஸ் நேரங்களையும் செயலிக்குள் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, பெரியம்மாவின் தோழிகளுக்கும் இது வேண்டுமாம். பிளே ஸ்டோரில் போடலாமே என்கிறார்கள். புதிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிடுவதற்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். வியர் ஓஎஸ் கடிகாரம் கட்டிய பன்னிரண்டு பேரை எங்கே பிடிப்பது? பெரியம்மாவின் நடைக்குழுவில் பாதிப் பேர் கட்டியிருப்பது வேறு வகைக் கடிகாரம். அதற்கும் முன்னால், டேட்டாமால் சாவியைச் செயலிக்குள் வைத்து ஊருக்கே கொடுக்க முடியாது, பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள். நடுவில் ஒரு சின்ன சர்வர் வைத்தால் சாவியும் பத்திரம், பதிலையும் அங்கேயே சுருக்கி அனுப்பலாம். அடுத்த வாரயிறுதியில் அதைத்தான் எழுதப் போகிறேன். அதுவரை என் சாவியில் எங்கள் இருவர் கடிகாரம் மட்டும் ஓடும்.